சுவிட்சில் ஒரு குங்குமப் பொட்டு

செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து முனிலட்சுமி சிரித்துக்கொண்டே இறங்கினாள். அவள் அப்படி இறங்கி வெகுநாள் ஆயிற்று.

காரணம், மாமியார் சரோஜம்மாள். கல்யாணமாகி வந்த நாளாக அவளுக்கு மருமகள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. பாகலூரில் வீட்டை ஒட்டியே ரோஜாத் தோட்டம். விடியற்காலையில் பூ அறுக்க ஆள் கிடைக்காமல் அவள் அல்லாடிக்கொண்டிருக்கும்போது, வீட்டு மருமகள் டிபன் பாக்ஸோடு ஓசூர் பஸ் ஏறினால் எந்த மாமியாருக்குப் பொறுக்கும்?

அதெல்லாம் போன சனிக்கிழமையோடு மாறிப்போனது. ஆயுத பூசைக்கு முன்னால் கம்பெனியில் பூசை. அன்றைக்கு மட்டும் வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். சரோஜம்மாளும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மெஷின் ஷாப்பில் மகன் முனிராஜின் லேத்தைப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் ரூம் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று மருமகள் சொன்னாளே, அப்போதுதான் அவள் முகம் வேறு மாதிரி ஆனது.

ஞாயிறும் திங்களும் லீவு. அந்த இரண்டு நாளும் தெருவில் வேறு பேச்சில்லை. எங்கள் மருமகள் வேலை செய்யும் இடம் கோயில் மாதிரி, தூசி படக்கூடாதாம், உள்ளே மார்கழி மாதம் மாதிரி குளிரும் என்று எதிர்வீட்டு கெம்பம்மாவிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள். இன்று காலை டிபன் பாக்ஸை அவளே கட்டிக் கொடுத்தாள். பஸ் ஏறும்போது பையில் ஒரு சிவப்பு ரோஜாவையும் போட்டாள்.

அந்தச் சிரிப்பு கம்ப்யூட்டர் ரூம் கதவைத் திறக்கும் வரைக்கும்தான் தங்கியது.

உள்ளே ஏ.சி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் விளக்கு எரிந்தபடி இரையும் சர்வர் கருப்பாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்தாள். குனிந்து பார்க்கக்கூட இல்லை. கையை மேசைக்குப் பின்னால் விட்டுத் தடவி, யு.பி.எஸ். சுவிட்சைப் போட்டாள். பிறகு சர்வரின் பட்டனை அமுக்கினாள். அது முனகியது. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. மெஷின் எழுந்துவிட்டது. ஆனால் அதற்குள் இருக்கிற டேட்டாபேஸ் எழவில்லை.

கம்பெனியில் இருக்கும் கியர், பேரிங், போல்ட், நட்டு எல்லாவற்றின் கணக்கும் அந்த டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அது எழுந்தால்தான் பில் போட முடியும். பில் இருந்தால்தான் கேட்டில் லாரியை விடுவார்கள். லீவு முடிந்த முதல் லோடு வாசலில் தார்ப்பாய் கட்டி நின்றுகொண்டிருந்தது.

முனிலட்சுமி மறுபடி ஸ்டார்ட் செய்தாள். திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதாம், இன்னொரு தடவை ஓட்ட முடியாதாம்.

ஓடாத ஒன்று ஓடுகிறேன் என்று சொன்னால் என்ன செய்வது? டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஒயர்களைப் பிடுங்கி மாட்டினாள். மொத்தத்தையும் நிறுத்தி மறுபடி போட்டாள். அதே வரி.

டெஸ்பாட்ச் திம்மப்பன் எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பில் எல்லாம் அவர் கையால்தான். அக்குளில் பழைய பில் புக்கை இடுக்கியே வந்திருந்தார்.

"என்னம்மா லட்சுமி, உன் சாமி இன்னும் கண்ணு தொறக்கலியா?" என்றார். "என் கார்பன் பேப்பரு ஒரு நாளும் இப்பிடி மக்கர் பண்ணதில்ல பாரு."

"தெறந்துடும்ங்கண்ணா. நீங்க போய் டீ குடிங்க."

"நான் ரெண்டு டீ குடிச்சிட்டன்."

பெங்களூரில் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த கம்பெனிக்கு முனிலட்சுமி போன் போட்டாள். இஞ்சினியர் கெம்பராஜ் எடுத்தார். கன்னடம் கலந்த தமிழில் பேசுவார், அவசரமே படமாட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் விளக்கியது இதுதான்.

டேட்டாபேஸ் எழுந்திருக்கும்போது 'ஆள் உள்ளே' என்று வாசலில் போர்டு மாட்டுவதுபோல ஒரு சின்ன ஃபைலை எழுதி வைக்கும். முறையாக மூடினால் அதுவே அந்த ஃபைலை அழித்துவிட்டுப் போகும். திடீரென்று நின்றுபோனால் ஃபைல் அப்படியே கிடக்கும். மறுபடி எழும்போது, தான் மாட்டிய போர்டைத் தானே பார்த்துவிட்டு, உள்ளே வேறு ஆள் இருக்கிறது என்று ஒதுங்கிவிடும். அந்த ஃபைலை அழித்தால் சரியாகிவிடும்.

முனிலட்சுமிக்கு மூச்சு வந்தது. ஆனால் கெம்பராஜ் முடிக்கவில்லை. அழிப்பதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். அது எப்படி நின்றது? யாராவது சுவிட்சை அணைத்திருந்தால் பயமில்லை. டிஸ்க் கெட்டுப்போய்த் தானாக நின்றிருந்தால் கதை வேறு. அப்போது பிடிவாதமாகக் கிளப்பினால் மிச்சமிருக்கிற கணக்கும் பாழாகும். டேப்பில் எடுத்து வைத்த பழைய கணக்கைத்தான் போட வேண்டும்.

"கடைசி டேப் எப்ப எடுத்ரி?" என்று கேட்டார்.

முனிலட்சுமி டேப்பின் மேல் எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள். "வியாழக்கிழமை சார்."

வெள்ளியும் சனியுமாக ஸ்டோர்ஸ் ஆட்கள் அத்தனை பேரும் ரேக் ரேக்காக ஏறி இறங்கி எடுத்த ஸ்டாக் கணக்கு, வியாழக்கிழமை டேப்பில் இல்லை. சனிக்கிழமை பூசை முடிந்ததும் டேப் எடுக்கலாம் என்று இருந்தாள். மாமியார் வந்த சந்தோஷத்தில் மறந்துபோனாள்.

மேனேஜர் வந்து நின்றார். திருநெல்வேலிக்காரர். ஓசூருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் தாமிரபரணியைத் தாண்டவில்லை.

"எந்திச்சுதாம்மா?"

"இன்னும் இல்லீங் சார்."

அவர் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயம். ஸ்டாக்கை மறுபடி எண்ணச் சொன்னால் ஸ்டோர்ஸ் ஆட்கள் தன் எலும்பைத்தான் எண்ணுவார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உன் வேலைய நிரந்தரம் பண்ற கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள்லதான் கெடக்கு. கையெழுத்துப் போடத்தான் எடுத்து வச்சேன். மத்தியானத்துக்குள்ள இதுக்கு ஒரு வழி சொல்லு, என்ன?"

அவர் போனதும் முனிலட்சுமி மேசைக்குப் பின்னால் தரையில் மண்டியிட்டாள். பிளக் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் குனிந்தாள். காலையில் தடவிப் போட்ட யு.பி.எஸ். சுவிட்ச் கண்ணெதிரே இருந்தது. அதன் மேல் ஒரு பொட்டு.

இந்த ரூமில் பொட்டு வைக்கக் கூடாது என்று அவளே பூசாரியைத் தடுத்து, கதவுக்கு மட்டும் வைக்கச் சொன்னவள். இது பூசாரி வைத்த பொட்டும் இல்லை. மேலே மஞ்சளில் ஒரு கோடு, அதன் கீழே குங்குமம். காலையில் அவள் விரல் பட்டு ஓரம் லேசாகக் கலைந்திருந்தது.

கோட்டுக்குக் கீழே குங்குமம் வைக்கிறவர் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்தர்தான். வீட்டு மாட்டுக்கொட்டாய் நிலைப்படியில் அந்தப் பொட்டு இருக்கிறது. ரோஜாத் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்கிறது.

அவளுக்கு நினைவு வந்தது. சனிக்கிழமை மாமியாரை உள்ளே நிற்கவைத்துவிட்டுப் பொரி பொட்டலம் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது சரோஜம்மாள் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஏ.சி. இரைச்சலில் உள்ளே என்ன ஓடுகிறது, என்ன நின்றது என்று காதில் விழவில்லை. எட்டிப் பார்க்காமல் பூட்டிவிட்டாள்.

வேண்டுமென்றே செய்திருப்பாரோ? வேலை போனால் வீட்டோடு கிடப்பாள் என்று? அந்த நினைப்பு வந்ததற்கே முனிலட்சுமிக்கு வெட்கமாக இருந்தது. பையிலிருந்து ரோஜா தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

மெஷின் ஷாப்புக்கு ஓடினாள். முனிராஜின் லேத்தில் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடாமல் நின்றது. இரைச்சலில் காதருகே போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

முனிராஜ் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு லேத்தை நிறுத்தினான்.

"எங்கம்மாவா?"

"அவங்க பொட்டுங்க. எனக்குத் தெரியாதா?"

"மேனேஜர் கிட்ட சொல்லிட்டியா?"

"எப்பிடிங்க சொல்றது? இப்பத்தான் ரெண்டு நாளா மொகம் குடுத்துப் பேசறாங்க. மாமியார் நிறுத்திட்டாங்கன்னு நான் கம்பெனி பூராவும் சொல்லவா? வெளியாளை ரூமுக்குள்ள விட்டது என் தப்பு. அது எம்மேலயே இருக்கட்டும். ஆனா எப்பிடி நின்னுச்சின்னு தெரியாம அந்த ஃபைல அழிக்க முடியாதுங்க. பொட்டு வெச்சவங்கதான் அணைச்சாங்கன்னு என்னா நிச்சயம்?"

முனிராஜ் கையைத் துடைத்தபடி யோசித்தான். "நான் கேட்டா அடிப்பாங்க. நீ கேட்டா அழுவாங்க. அடி வாங்கறதே மேலு."

பர்மிஷன் வாங்கிக்கொண்டு அவன் மொபெட்டை எடுத்தான். கேட் வரைக்கும் கூடவே ஓடிய முனிலட்சுமி, அணைத்தார்களா, அப்போது லைட் எல்லாம் எப்படி இருந்தது, இவ்வளவு மட்டும் கேளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"கூட்டிக்கினு மட்டும் வந்துடாதீங்க."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அந்தத் தலையாட்டலை நம்பியது அவள் பிசகு.

மேனேஜர் கெடு வைத்த மத்தியானம் நெருங்கியது. திம்மப்பன் தன் பில் புக்கில் கார்பன் வைத்து, பேனாவின் மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தார். லாரி டிரைவர் கேட் ஓரத்தில் துண்டு விரித்துப் படுத்துவிட்டார். முனிலட்சுமி வியாழக்கிழமை டேப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதை மாட்டவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றாள்.

அப்போது மேனேஜர் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள்.

போனால், மேனேஜர் ரூம் வாசலில் தெரிந்த செருப்பு ஒரு ஜோடி. உள்ளே சரோஜம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். சேலை முந்தானையில் ரோஜா முள் கிழித்த நூல் தொங்கியது. பின்னால் முனிராஜ், தான் என்ன செய்ய முடியும் என்பதுபோல மனைவியைப் பார்த்தான்.

"நாந்தாங்க நிறுத்தனன்," என்றாள் சரோஜம்மாள். "அவளுக்கு இது தெரியாது. ஏதாச்சும் சொல்றதா இருந்தா என்னியச் சொல்லுங்க."

மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"கீழ அத்தினி மிஷினும் பொட்டு வெச்சிக்கினு சும்மா நிக்கிது. இது ஒண்ணு மட்டும் உர்ருன்னு ஓடிக்கினே கெடக்குது. பூசை போட்ட அன்னிக்கி ஓட்டலாமாங்க? ஓட்டனவங்களுக்குத்தான ஆவாது? சின்னப் பொண்ணு, அவசரத்துல மறந்துட்டா போலன்னு நெனச்சிக்கினன். எங்க மோட்டாருக்கு செய்யிறாப்பல சுவிட்ச அமுக்கி, பொட்டு வெச்சி, கும்பிட்டுக்கினு வந்தன். அவ வேல நல்லா இருக்கணும்னுதாங்க வெச்சன்."

முனிலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையில் வந்த நினைப்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியவில்லை.

"சார், அத்தைய உள்ள கூட்டிக்கினு போனது நானு. டேப் எடுக்காம போனதும் நானு. பூட்டறப்போ உள்ள பாக்காததும் நானு."

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசறமில்ல," என்றாள் மாமியார்.

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்கியது எல்லோருக்கும் தெரிந்தது. அவரால் அந்த அம்மாளை ஒன்றும் சொல்ல முடியாது. தன் ஸ்கூட்டருக்குப் பூசை போட்டுவிட்டு, நேற்று முழுக்க அதைத் தொடாமல் டவுன் பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போனவர் அவர். முனிராஜே அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தான்.

கெம்பராஜுக்கு மறுபடி போன் போனது. அணைத்தபோது சர்வரின் முன்பக்கத்து லைட் எப்படி இருந்தது என்று அவர் கேட்டார். முனிலட்சுமி அதைத் திருப்பிக் கேட்பதற்குள் சரோஜம்மாள் கையை நீட்டினாள்.

"குடு இப்பிடி. கன்னடத்துல பேசறான் பாரு."

அதற்குப் பிறகு அந்த ரூமில் கன்னடம்தான் ஓடியது. பாகலூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு மூன்று பாஷையும் ஒரே வாயில் வரும். பச்சை லைட் அசையாமல் நின்றது, பக்கத்துச் சிவப்பு லைட் மின்னவே இல்லை, கறகறவென்று சத்தமும் இல்லை, ஃபேன் சத்தம் மட்டும்தான் என்று நிதானமாகச் சொன்னாள். மோட்டார் தண்ணீர் இழுக்கிறதா, வெறுமனே ஓடுகிறதா என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவள். அந்தக் கண்ணும் காதும் கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை.

பேச்சு முடிகிற மாதிரி இல்லை. கெம்பராஜுக்கு எந்த ஊர், மாலூரா, அங்கே மழை உண்டா, ரோஜாவுக்குப் புழு விழுந்திருக்கிறதா என்று போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் ஒன்றும் புரியாமல் முனிராஜைப் பார்த்தார். "புழு மருந்துங் சார்," என்றான் அவன்.

கடைசியில் போன் முனிலட்சுமியிடம் வந்தது. சிவப்பு லைட் மின்னவில்லை என்றால் டிஸ்க் அப்போது எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை, கையால்தான் நின்றிருக்கிறது, தைரியமாக அந்த ஃபைலை அழியுங்கள் என்றார் கெம்பராஜ்.

எல்லோரும் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. திம்மப்பனின் செருப்பும் அதில் இருந்தது.

முனிலட்சுமி ஃபைலின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அடித்ததைப் போனில் படித்துக் காட்டினாள். அழித்தாள். டேட்டாபேஸை ஸ்டார்ட் செய்தாள்.

திரை சும்மா இருந்தது. சிவப்பு லைட் ஒரு தடவை மின்னியது. பிறகு படபடவென்று மின்ன ஆரம்பித்தது. விட்ட இடத்திலிருந்து கணக்கைச் சரிபார்க்கிறேன் என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. சரோஜம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள்.

'தயார்' என்று வந்தது.

முனிலட்சுமி நம்பாமல் சனிக்கிழமைக் கணக்கைத் திறந்தாள். கடைசி ரேக்கின் கடைசி பேரிங் வரைக்கும் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். திம்மப்பன் பேனாவை மூடி ஜேபியில் செருகினார்.

"சாமி கண்ணு தொறந்துட்டுது. வர்றன்மா," என்றவர் வாசலில் நின்று திரும்பினார். "மொத பில்ல நீயே போடு. எழுத்து என்னுத விட நல்லாத்தான் இருக்குது."

பிரிண்டர் கரகரவென்று பில்லைத் துப்பியது. வெளியே லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

சரோஜம்மாள் சர்வரையே பார்த்தபடி நின்றிருந்தாள். "இது ராத்திரியும் தூங்காதா?"

"தூங்காது அத்தே. தூங்க வெக்கணும்னா அதுகிட்ட சொல்லிட்டுத்தான் வெக்கணும். சொல்லாம நிறுத்தனா இப்பிடித்தான் மொரண்டு பண்ணும்."

"அப்ப அடுத்த பூசைக்கி நீ சொல்லிட்டு நிறுத்து. பொட்டு நான் வெச்சிக்கிறன்."

முனிலட்சுமி பையிலிருந்த ரோஜாவை எடுத்தாள். மாமியார் அதை வாங்கி அவள் தலையில் செருகிவிட்டாள்.

மேனேஜர் தன் ரூமிலிருந்து ஒரு பேப்பரோடு வந்தார். கையெழுத்து ஈரமாக இருந்தது. முனிலட்சுமி வாங்கிப் படித்தாள். முதல் பாதியில் அவள் முகம் மலர்ந்தது. இரண்டாவது பாதியில் அப்படியே நின்றுவிட்டது.

வேலை நிரந்தரம். ஆனால் இங்கே இல்லை. போச்சம்பள்ளியில் புது யூனிட் வருகிறது. தீபாவளி கழிந்ததும் அங்கே புது சர்வர் வைக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"இன்னிக்கு நீ முழிச்ச முழிக்கு அங்க எது நின்னாலும் சமாளிச்சிருவ," என்றார் மேனேஜர். "குவார்ட்டர்ஸ் தருவாங்க. வீட்டுல பேசிட்டு வாரக் கடைசியில சொல்லு."

பாகலூரிலிருந்து போச்சம்பள்ளிக்குத் தினமும் போய் வர முடியாது. முனிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். முனிராஜ் அம்மாவைப் பார்த்தான். போன சனிக்கிழமை வரைக்கும் ஓசூர் வேலையையே வேண்டாம் என்ற அம்மா.

சரோஜம்மாள் யாரையும் பார்க்கவில்லை. கதவில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அங்க அந்தப் புது ரூமுக்கு சாவி யாருகிட்ட இருக்கும்?"

"உங்க மருமககிட்டதான்மா."

அவள் சாவிக்கொத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"டேய் முனிராஜி, ஞாயித்துக்கெழம போச்சம்பள்ளிக்கி எந்த பஸ்ஸுன்னு கேட்டு வை. ஆமா இல்லன்னு சொல்றதுக்கு முன்ன அந்த ரூம நான் ஒருக்கா கண்ணால பாக்கணும்."

"பாருங்கம்மா, தாராளமாப் பாருங்க," என்றார் மேனேஜர். "சுவிட்ச் பக்கம் மட்டும் போயிராதீங்க."

சரோஜம்மாள் அதற்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.